அனுமதியின்றி நுழைந்த கண்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றின் கரையில் அமைந்திருக்கிறது எங்கள் வீரபாண்டி. வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த அமைதியான ஊர். ஆனால், சித்திரை பிறந்துவிட்டால் கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக மாவட்டமே இங்கே திரண்டுவிடும். இரவென்றும் பகலென்றும் பாராமல் மக்கள் வெள்ளம் வீதிகளில் நகர்ந்துகொண்டிருக்கும். அந்நாள்களில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் செல்ல எங்கள் தெருவில் எவருக்கும் துணிவு வாராது. எங்கள் இல்லத்திற்குள் கேமரா என்னும் பொருள் வந்து சேர்ந்ததற்கு அதுவே முதற்காரணம்.

மர்ஹூமான என் கணவரின் காலத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டுத்தான் எங்கள் வீட்டின் காவல். கனத்த மாங்காய்ப் பூட்டு. அதன் சாவியைத் தம் பச்சை வாரின் பையிலேயே வைத்திருப்பார். "இந்தச் சாவி இந்தப் பூட்டுக்கு மட்டும்தான், உலகத்தில் வேறெந்தக் கதவையும் திறக்காது, வேறெந்தச் சாவியும் இதைத் திறக்காது" என்று பெருமையாகச் சொல்வார். அவர் சொன்னது முற்றிலும் உண்மையோ, இல்லையோ, அந்த நம்பிக்கையில் நாங்கள் முப்பது ஆண்டுகள் நிம்மதியாக உறங்கினோம்.

என் மகன் ஷார்ஜாவில் பணிபுரிகிறான். 2022ஆம் ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் மட்டுமே இருக்கும் வீடாயிற்றே என்ற கவலையில் இரண்டு கேமராக்களை வாங்கி வந்தான். ஒன்றைத் தெருவாசலில் பொருத்தினான். மற்றொன்று கூடத்தின் வடக்குச் சுவருக்கு. பெட்டகத்தின் மேல் வைக்கும் தஸ்பீஹ் டப்பா அளவுதான் இருக்கும். ஆந்தையைப் போல் தலையை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பும். ஷார்ஜாவிலிருந்தபடியே கைப்பேசியில் விரலை நகர்த்தி அதன் முகத்தைத் திருப்பலாம், பேசவும் பேசலாம். கடையிலிருந்து வந்த இளைஞர் கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பேரன் முதன்முதலாக நடந்ததை அவனுடைய அத்தா அத்தனை தொலைவிலிருந்து கண்டு கண் கலங்கியது அந்தக் கேமராவின் வழியாகத்தான். அன்று அதை நான் வாழ்த்தினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2024ஆம் ஆண்டு ரமளானின் நடுப்பகுதி. ஸஹர் நேரம். மருமகள் அடுப்படியிலிருந்து சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். வீட்டில் ஆண்கள் இல்லாததால் தலையில் துணி இல்லை. அவள் மறுபடியும் அடுப்படிக்கு நடந்தபோது, கேமரா அவள் சென்ற திசையில் மெல்லத் திரும்பிற்று. அவள் நின்றாள். அதுவும் நின்றது.

"மாமி, கேமரா என்னைப் பார்க்கிறது" என்றாள்.

"கேமரா பார்க்காமல் வேறு என்னம்மா செய்யும்?" என்றேன். தூக்கக் கலக்கத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திற்காக நான் பின்னர் பட்ட வேதனை கொஞ்சமல்ல.

ஷார்ஜாவில் அப்போது இரவு இரண்டு மணி. கணவன் விழித்திருந்து தன்னைக் கண்காணிக்கிறான் என்று அவள் எண்ணிவிட்டாள். மறுநாள் தொலைபேசியில் கேட்டாள். அவன் தான் உறங்கிக்கொண்டிருந்ததாகச் சத்தியம் செய்தான். மூன்று நாள் கழித்து மறுபடியும் அதே நேரம், அதே திருப்பம். இம்முறை அவள் கேட்கவில்லை; குற்றம் சாட்டினாள். அவன் கோபித்தான். நான் யாருடைய பக்கம் நின்றேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? நோன்பு நாளில் கணவன்மீது வீண் சந்தேகம் கொள்ளாதே என்று பெண் பிள்ளைக்குத்தான் புத்தி சொன்னேன். அவள் பதில் பேசாமல், பெருநாளுக்கு ஐந்து நாள்கள் இருக்கையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பத்திலுள்ள தன் தாய் வீட்டிற்குப் போய்விட்டாள். அந்தப் பெருநாளன்று எங்கள் வீட்டில் பிரியாணி சமைக்கவில்லை.

சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் என் தம்பி மகன் பெருநாள் சலாம் சொல்ல வந்தான். வீடு வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு, "என்ன குப்பி, மச்சி எங்கே?" என்று கேட்டான். முதலில் மழுப்பினேன். பிறகு அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கேமராவைக் கழற்றிக் கீழே வைத்தான்.

ஆளைக் கண்டால் தானாகத் திரும்பும் வசதி சில கேமராக்களில் உண்டாம். அதை முதலில் பார்த்தான், அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. பிறகு இந்தக் கேமராவைத் திறந்து பார்த்த கருவிகளின் பட்டியலை எடுத்தான். என் மகனின் கைப்பேசி, என் கைப்பேசி, அவற்றோடு மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவது கருவி ரமளான் மாதத்தில் மட்டும் பதினொரு முறை எங்கள் கூடத்திற்குள் வந்து போயிருந்தது. அது யாருடையது, எந்த ஊரில் இருக்கிறது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பிறர் வீட்டு வாசலில் சலாம் கூறி அனுமதி கேட்க வேண்டும், மூன்று முறை கேட்டும் மறுமொழி இல்லையேல் திரும்பிவிட வேண்டும் என்று மதரசாவில் ஓதிய வயதிலிருந்தே அறிந்தவள் நான். தெருவில் நின்று சன்னல் வழியே எட்டிப் பார்த்த பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறேன். என் வீட்டின் நடுக்கூடத்தில், நானே துடைத்துத் துடைத்து வைத்த ஒரு பொருளின் வழியாக, முகமறியா ஒருவன் அனுமதியின்றி நின்றிருக்கிறான்! அதைக் கண்டுகொண்ட ஒரே ஒருத்தியை நான் சந்தேகக்காரி என்று அனுப்பிவைத்தேன்.

அன்றே கம்பத்திற்குப் புறப்பட்டேன். சம்பந்தியம்மாள் வீட்டுத் திண்ணையில் வைத்தே மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் பெரியவர்கள் மாமி, அப்படிச் சொல்லாதீர்கள்" என்று அழுதாள். ஆயினும் உடனே திரும்பி வரவில்லை. கேமரா இருந்த அந்தச் சுவரைப் பார்க்கவே கூசுகிறது என்றாள். ஒரு மாதம் சென்ற பின்னரே வந்தாள். அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த ஒரு மாதமும் நான் என் தம்பி மகனைத் தொலைபேசியில் விடாமல் கேள்வி கேட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவளுக்குப் புரியாததைப் புரியாது என்று விட்டுவிட மனம் வருவதில்லை. அவன் விளக்கியதை என் மொழியில் எழுதுகிறேன்.

கேமரா என்பது வெறும் கண்ணன்று. அது ஒரு சிறு கணினி. அதற்குள் மென்பொருள் இருக்கிறது. அதற்கும் ஒரு பூட்டும் சாவியும் உண்டு. அந்தச் சாவிக்குக் கடவுச்சொல் என்று பெயர். தொழிற்சாலையிலிருந்து புறப்படும்போது பல நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து அனுப்பிவிடுகின்றன. வாங்குபவர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் வீட்டில் மாட்டிய இளைஞர் மாற்றவில்லை. என் மகனும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. என் கணவரின் திண்டுக்கல் பூட்டை எண்ணிக்கொண்டேன். ஒரு சாவி ஊரிலுள்ள எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் என்றால் அந்தப் பூட்டை அவர் காசு கொடுத்து வாங்கியிருப்பாரா?

இது வீரபாண்டியில் மட்டும் நடந்த அறியாமையன்று. 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்றொரு தீய மென்பொருளை அமெரிக்க இளைஞர் மூவர் உருவாக்கினர். அதில் பெரிய வித்தை ஏதுமில்லை. தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதைப் போல ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, இணையத்தில் தென்படும் கேமராக்களையும் மோடம்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் அதன் வேலை. திறந்தவற்றையெல்லாம் தன் அடிமைகளாக்கிக்கொண்டது. உச்சத்தில் அவ்வாறு சிக்கியவை ஏறத்தாழ 6 இலட்சம் கருவிகள். அந்த மென்பொருள் பிறர் கைகளுக்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வாறு சிக்கிய கருவிகள் ஒரே நேரத்தில் ஓர் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது, டுவிட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பெரும் தளங்களே பல மணி நேரம் முடங்கின. எந்த வீட்டுக் குழந்தையின் தொட்டிலுக்கு மேல் தொங்கிய கேமரா அந்தப் படையில் சேர்ந்திருந்ததோ, அந்த வீட்டார்க்கு ஒன்றும் தெரிந்திராது.

அதைவிட என்னை நடுங்கச் செய்தது 2025 பிப்ரவரியில் வெளிவந்த குஜராத் செய்தி. ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களை மருத்துவர் பரிசோதிக்கும் காட்சிகள் கேமராவிலிருந்து திருடப்பட்டு, யூடியூபில் முன்னோட்டம் காட்டி, டெலிகிராமில் விற்கப்பட்டிருந்தன. கேமராவின் கடவுச்சொல் 'அட்மின்123'. பிரசவத்திற்காகவும் சிகிச்சைக்காகவும் நம்பி வந்த தாய்மார்களின் மானத்திற்கு அவ்வளவுதான் காவல்! அச்செய்தியை மருமகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்துவிட்டு நெடுநேரம் எங்கள் இருவராலும் பேச முடியவில்லை. நம் வீட்டுக் காட்சி எங்கே இருக்கிறதோ என்ற கேள்வியை அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் உறவினர் சிலர், "வெளியே சொன்னால் குடும்பத்துக்குத்தான் இழுக்கு, விட்டுவிடுங்கள்" என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். மருமகள் ஒப்பவில்லை. "திருடன் வந்துபோன வீட்டில் திருட்டுக் கொடுத்தவர் ஏன் வெட்கப்பட வேண்டும்?" என்று கேட்டாள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயரைக் கூறாமலேயே அதில் புகார் பதிவு செய்யலாம். ஆனால் அவள் தன் பெயரிலேயே பதிவு செய்தாள். இணையத்தில் பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதையும் அவளிடமிருந்தே அறிந்தேன்.

கடவுச்சொல் பாதிக் கதைதான். எங்கள் கேமராவுக்குள் இருந்த மென்பொருளிலேயே ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைப்பதற்கான திருத்தங்களைத் தயாரித்த நிறுவனம் நான்கு முறை அனுப்பியும் இருந்தது. "புதிய பதிப்பு வந்திருக்கிறது" என்று செயலியில் ஒரு சிவப்புப் புள்ளி இரண்டு ஆண்டுகளாக எரிந்துகொண்டே இருந்ததாம். ஓடிக்கொண்டிருப்பதைத் தொட்டால் கெட்டுவிடும் என்று என் மகன் தொடவேயில்லை. வந்தவன் கடவுச்சொல் வழியாக வந்தானா, ஓட்டை வழியாக வந்தானா என்று இப்போது உறுதியாகக் கூற இயலாது என்றான் தம்பி மகன். கதவும் திறந்து கிடந்தது, சன்னலும் திறந்து கிடந்தது, அவ்வளவுதான் தெரியும்.

"ஓட்டையுள்ள பொருளை விற்கலாமா? அது மோசடியல்லவா?" என்று நான் சினந்தேன். அதற்கு அவன் சொன்ன சான்று நம் தமிழகத்தைச் சேர்ந்தது.

1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இன்று தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தை நம்மில் பலர் அறிவோம். அலுவலகப் பணியாளர்கள் தங்கள் மறந்துபோன கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்வதற்கான மென்பொருள் ஒன்று அவர்களுடைய 'மேனேஜ்என்ஜின்' பிரிவில் உண்டு. உலகெங்கும் பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒரு கடுமையான ஓட்டை கண்டறியப்பட்டது. 2021 செப்டம்பர் தொடக்கத்தில் ஸோஹோ திருத்தத்தை வெளியிட்டது. உடனே பொருத்துங்கள் என்று அமெரிக்க அரசு அமைப்புகளும் அம்மாதமே எச்சரித்தன. ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவிலும் அந்த மென்பொருள் இருந்தது. அங்கே திருத்தம் உரிய காலத்தில் பொருத்தப்படவில்லை. நவம்பர் 9ஆம் நாள் ஊடுருவியவர்கள் உள்ளே நுழைந்தார்கள். 2022 ஜனவரி 18ஆம் நாள்தான் அது தெரியவந்தது. இடைப்பட்ட எழுபது நாள்கள் அவர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

அவர்கள் கைவைத்த ஏட்டில் இருந்தவை யாருடைய பெயர்கள்? போரிலும் பேரிடரிலும் அகதிப் பயணத்திலும் பிரிந்துபோன குடும்பங்களின் பெயர்கள். காணாமற்போனவர்கள், அவர்களைத் தேடும் உற்றார், சிறைப்பட்டவர்கள் என 5,15,000-க்கும் அதிகமானோரின் விவரங்கள். உலகெங்கும் உள்ள குறைந்தது 60 செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் திரட்டியவை. பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும் அந்தப் பணிக்கான கணினி அமைப்பையே சிலகாலம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எங்கோ ஒரு முகாமில், தன் மகனைப் பற்றி ஏதேனும் தகவல் வந்ததா என்று கேட்க வந்த ஒரு தாய்க்கு, "இப்போது பார்க்க முடியாது" என்ற விடை கிடைத்திருக்கும். செஞ்சிலுவைக் குழு எதையும் மறைக்காமல், திருத்தத்தைப் பொருத்தத் தவறியதையும் உள்ளபடியே உலகுக்கு அறிவித்தது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பெருநாளன்று மழுப்பிய எனக்கு அது ஒரு பாடமாகவும் இருந்தது.

ஓட்டை இல்லாத மென்பொருளை மனிதர் எழுதிவிட முடியாது என்கிறான் தம்பி மகன். பல இலட்சம் வரிகள். எங்கோ ஒரு பிசகு இருந்தே தீரும். அதை நல்லவன் முதலில் காண்கிறானா, கெட்டவன் முதலில் காண்கிறானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா என்பவர் நல்லவர் பட்டியலில் வருகிறார். 2019ஆம் ஆண்டு இன்ஸ்டாகிராமில் அவர் கண்டறிந்ததை எளிதாகவே சொல்லலாம். கடவுச்சொல்லை மறந்தவர்க்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்பப்படும். பத்து நிமிடம் வரை செல்லும். ஆறு இலக்கம் என்றால் 10 இலட்சம் எண்கள். ஒருவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சில முறைக்குப் பின் தளம் தடுத்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் எண்களை அனுப்பினால் அந்தத் தடுப்பு செயலற்றுப் போயிற்று! 1,000 முகவரிகளைக் கொண்டு 2 இலட்சம் எண்களை அனுப்பிச் சோதித்துக் காட்டினார். 5,000 முகவரிகள் இருந்தால் எவருடைய கணக்கையும் கைப்பற்றிவிடலாம். அதற்கான செலவு 150 டாலர்தான் ஆகும் என்றும் கணக்கிட்டார். எத்தனை பெண்களின் படங்கள் உள்ள தளம் அது! அவர் அந்த வழியைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஃபேஸ்புக் நிறுவனத்திற்கு எழுதினார். அவர்கள் ஓட்டையை அடைத்து, அவருக்கு 30,000 டாலர் பரிசளித்தனர். பணம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும், திறந்து கிடக்கும் கதவைக் கண்டால் உள்ளே நுழையாமல் வீட்டுக்காரரை அழைத்துச் சொல்லும் பண்பு கணினித் துறையிலும் இருக்கிறது என்பது அந்த நாள்களில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்கள் வீட்டில் என்னென்ன மாற்றினோம் என்று கேட்டுப் பலர் எழுதக்கூடும். கூடத்துக் கேமராவை எடுத்துவிட்டோம். என் மகன் அதற்காக வருந்தவில்லை. குழந்தையைப் பார்க்க வேண்டுமானால் வீடியோவில் அழைக்கிறான். நாங்கள் துணியைச் சரிசெய்துகொண்டு எடுக்கிறோம். தெருவாசல் கேமரா இருக்கிறது. அது தெருவை மட்டும் பார்க்கிறது. அதன் கடவுச்சொல் நீளமானது, வேறெங்கும் பயன்படுத்தாதது. வீட்டு இணைய மோடத்திற்கும் ஒரு கடவுச்சொல் உண்டென்பதையே அப்போதுதான் அறிந்தோம். அதுவும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தது, மாற்றினோம்.

என் கைப்பேசியின் கதை வேறு. நம் குடும்பங்களில் பிள்ளைகள் புதுப்பேசி வாங்கியதும் பழையதைத் தாய்க்குத் தந்துவிடுவது வழக்கமல்லவா? அன்பினால் தருவதுதான். ஆனால் எந்த நிறுவனமும் ஒரு பேசிக்குச் சில ஆண்டுகளுக்கு மேல் திருத்தங்கள் அனுப்புவதில்லையாம். அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமலேயே கிடக்கும். என் ஓய்வூதியக் கணக்கும் நகைக்கடன் செய்திகளும் வந்துகொண்டிருந்த பேசி, திருத்தம் நின்று மூன்று ஆண்டுகள் ஆன ஒன்று. குடும்பத்திலேயே பணம் வைத்திருப்பவளுக்குப் பூட்டில்லாத பெட்டி! மகனிடம் சொன்னேன். சங்கடப்பட்டு, புதிது அனுப்பினான். பழையதில் இப்போது பேரன் பாட்டுக் கேட்கிறான். அதில் வங்கியும் இல்லை, சிம்மும் இல்லை.

வடக்குச் சுவரில் ஆணி அடித்த இரண்டு துளைகள் மட்டும் மிஞ்சின. ஜமாஅத்தார் தரும் தொழுகை நேரக் காலண்டரை மருமகள் அங்கே தொங்கவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ பாங்குக்கு முன், வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறாள். சென்ற வாரம் என் பேசியில் "புதிய பதிப்பு தயார்" என்று வந்தது. வழக்கம்போல் "பிறகு" என்பதைத் தொடப் போனேன்.

"மாமி, அதைத் தொடாதீர்கள். முதலில் சார்ஜில் போடுங்கள்" என்றது அடுப்படியிலிருந்து குரல். போட்டேன்.